புனலின் காம்பு

அந்த அம்மாள் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றபோது நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் எடுத்து வைத்திருந்தேன். அதை ஜன்னல் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஸ்கேன் சென்டரின் நடைவழியில், எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே, அட்டைப்பெட்டி அடுக்குவதற்காகக் கட்டிய இடத்தில் ஒரு மேஜை, ஒரு கணினி, நான். உள்ளே இருப்பவளுக்கும் மூச்சு வேண்டுமே என்று யாரோ பெரிய மனது பண்ணிச் சுவரில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடிக் கதவு வைத்திருந்தார்கள். அதில் ‘விசாரணை இங்கே இல்லை’ என்று கொட்டை எழுத்தில் நானே அச்செடுத்து ஒட்டியிருந்தேன். அப்படியும் வருவார்கள். கழிப்பறையைக் கேட்பவர்களுக்குக் கையை மட்டும் காட்டுவேன். மற்றவர்களுக்கு அதுவும் கிடையாது.

“அக்கா, ஒரு நிமிஷம்.”

“கவுன்ட்டர்ல கேளுங்கம்மா.”

“கேட்டேன். டாக்டரைப் பாருங்கன்னாங்க. டாக்டரையும் பாத்துட்டேன். எல்லாரும் நார்மல்னுதான் சொல்றாங்க.”

“நார்மல்னா நல்லதுதானே. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.”

அவள் போகவில்லை. பையிலிருந்து எங்கள் சென்டரின் நீல உறையை எடுத்து, அதற்குள் இருந்த இரண்டு தாள்களை நான் படிப்பதற்கு வாகாகத் திருப்பிக் கண்ணாடியில் ஒட்ட வைத்துப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்புகள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள் என்று பிறகு சொன்னாள். முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. தண்ணீர்க்காரரின் மனைவி.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் கணவர் அவளோடு தலை ஸ்கேனுக்கு வந்திருந்தார். பேருந்து ஓட்டுநர். காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் நடைவழியில் இருந்த இருபது லிட்டர் தண்ணீர்க் கேனில் கால்வாசியை இறக்கிவிட்டார். குடிப்பார், உட்காருவார், எழுந்து என் ஜன்னலைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போவார், திரும்பி வந்து மறுபடி குடிப்பார். ஒவ்வொரு தடவை என்னைத் தாண்டும்போதும் ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி ஒரு சிரிப்பு. “இவரு ஸ்கேன் எடுக்க வந்தாரா, கேனைக் காலி பண்ண வந்தாரா?” என்று நான் வரவேற்புக்காரியிடம் கேட்டேன். “ஒட்டகத்துக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்க்கா” என்றாள் அவள். இரண்டு பேரும் கோப்புகளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தோம். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிரித்தோம்.

“அவருக்கு மனசுலதான் கோளாறுங்கறாங்க அக்கா. பாதி வழில பஸ்ஸை நிறுத்திட்டு எறங்கி ஓடுவாரு. பயணிங்க புகார் கொடுத்து, வேலைக்கு வரவேண்டாம்னுட்டாங்க. அவரு மனசைப் பத்தி எனக்குத் தெரியாதா? பதினாலு வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். இதுல எழுதியிருக்கறதை ஒவ்வொண்ணா எனக்குச் சொல்லுங்க. தலைக்குள்ள எல்லா எடத்தையும் பாத்தாங்களான்னு மட்டும் எனக்குத் தெரியணும்.”

எனக்குச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஆனாலும் கண்ணாடிக் கதவைத் தள்ளி வைத்தேன். ஏன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பின் பாக்கி எங்கோ உள்ளே உறுத்தியிருக்கலாம்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய டாக்டர் படங்களைப் பார்த்துக்கொண்டே பேசிப் பதிவு செய்வார். அது என் கணினிக்கு வரும். காதில் மாட்டிக்கொண்டு கேட்டு ஆங்கிலத்தில் அடித்து அறிக்கையாக்குவது என் வேலை. பதினேழு வருஷம். காலுக்கடியில் ஒரு மிதி இருக்கும். இந்தப் பக்கம் மிதித்தால் குரல் ஓடும், அந்தப் பக்கம் மிதித்தால் சில விநாடிகள் தாண்டும். பெரியவர் இடையிடையே இருமுவார், காபி உறிஞ்சுவார், போன் பேசுவார். அங்கெல்லாம் தாண்டிவிடுவேன். அதற்கும் மேலே என் சொந்தச் சரக்கு ஒன்று உண்டு. உடம்பில் முக்கால்வாசி சமாசாரம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான், வாக்கியமும் ஒரே வாக்கியம்தான். அதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று எழுத்தில் ஒரு சுருக்கம் செய்து வைத்திருந்தேன். மூன்று எழுத்தை அடித்து ஒரு பொத்தானைத் தட்டினால் முழு வாக்கியமும் வந்து விழும். அப்படி நானூற்றுச் சொச்சம் என் விரலில் இருந்தது. சென்டரில் எனக்குப் பெயரே மின்னல்தான். “மின்னல் அடிச்சா சரியாத்தான் இருக்கும்” என்று பெரியவர் தன் கையெழுத்தையே படமாக என் கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டார். அறிக்கையின் அடியில் அதையும் நானே வைப்பேன். அன்றைக்கு வீட்டில் என் வாய்க்கு எதிரே யாராலும் நிற்க முடியவில்லை.

அந்த மிதப்போடுதான் அவளுக்கு வாசித்துச் சொன்னேன். இது பெரிய மூளை, சரியாக இருக்கிறது. இது சிறு மூளை, சரியாக இருக்கிறது. இது ரத்தக்குழாய். வகுப்பெடுக்கிற தோரணை எனக்கு. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, விரலை அடுத்த வரிக்கு நகர்த்திக்கொண்டே வந்தாள். ஒரு வரியில் விரல் நின்றது.

“இது?”

“இன்ஃபண்டிபுலம்.”

“அப்படின்னா?”

“அது நடுவுல இருக்கு, தடிமன் இயல்பா இருக்குன்னு போட்டிருக்கு.”

“சரிக்கா. ஆனா அது என்ன?”

எனக்குத் தெரியவில்லை. பதினேழு வருஷத்தில் அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேன்! கருப்பை அறிக்கையில் வரும், சிறுநீரக அறிக்கையில் வரும், இதயத்தில் வரும், தலையிலும் வரும். எழுத்துப் பிழை இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அது எங்கே இருக்கிறது, சதையா, எலும்பா, குழாயா, ஒரு நாளாவது யோசித்திருக்கிறேனா? காது சூடாகிவிட்டது. “இருங்க, கேட்டுட்டு வரேன்” என்று எழுந்துவிட்டேன்.

சின்ன டாக்டரம்மா படம் பார்க்கும் இருட்டறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பெரியவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் கேட்டதும் சிரித்தார்.

“நம்ம மின்னலுக்கே தெரியாத வார்த்தையா! லத்தீன்ல புனல். அவ்ளோதான்.”

“புனலா? எண்ணெய் ஊத்துற புனலா?”

“அதேதான். கருக்குழாயோட வாய் புனல் மாதிரி விரிஞ்சிருக்கும், அதுக்கும் அதான் பேரு. சிறுநீரகத்துக்குள்ள மூத்திரம் சேர்ந்து எறங்குற எடம், இதயத்துல வலது அறைலேந்து நுரையீரலுக்கு ரத்தம் போற வாசல், முடி முளைக்கிற குழி, எல்லாத்துக்கும் அதே பேரு. மேல அகலம், கீழ குறுகல்னு எதைப் பாத்தாலும் புனல்னு எழுதி வெச்சுட்டாங்க. வெட்டிப் பாத்தவங்களுக்குச் சமையல்கட்டு ஞாபகம் போல.”

எனக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா! எத்தனையோ வருஷமாகப் பெரிய கோட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தது எங்கள் வீட்டு அலமாரியில் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கிக்கொண்டிருக்கிறது.

“தலைக்குள்ள எதுக்கு டாக்டர் புனல்?”

“மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி தொங்குதுல்ல, அதோட காம்பு அது. மேல விரிஞ்சு கீழ குறுகும். ‘தண்ணிய வெளிய விடாதே, பிடிச்சு வை’ன்னு சிறுநீரகத்துக்குப் போற சேதி அந்தக் காம்பு வழியாதான் எறங்கணும். அது தடிச்சுப்போச்சுன்னா சேதி போகாது. குடிக்கிறதெல்லாம் அப்படியே வெளிய போய்டும். எவ்ளோ குடிச்சாலும் தாகம் அடங்காது. ஆளு கேன் கேனா குடிப்பாரு.” ஒரு சுளையை என் பக்கம் நீட்டினார். “ஏன் கேக்கறீங்க?”

நான் அதை வாங்கவில்லை. என்னை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போன அந்த முகம் வந்து நின்றது. அது தடித்தால் தாகம் அடங்காது. தாகம் அடங்காத ஒரு மனிதருக்கு அது இயல்பாக இருக்கிறது என்று என் கையால் அடித்த தாள் வெளியே காத்திருக்கிறது.

குரல் பதிவுகளை மூன்று மாதம் வைத்திருப்போம். என் அறைக்கு ஓடி அவருடைய எண்ணைத் தேடி எடுத்துக் காதில் மாட்டினேன். மிதியைத் தொடவில்லை. காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டு, சுட்டியால் ஓடவிட்டு, ஒன்றும் தாண்டாமல் கேட்டேன். பெரியவரின் குரல் வந்தது. பெரிய மூளை, சிறு மூளை, ரத்தக்குழாய். “இன்ஃபண்டிபுலம்...” என்றார். அப்புறம் கோப்பை வைக்கும் சத்தம். இருமல். நான்கு விநாடி ஒன்றுமில்லை. அந்த நான்கு விநாடியில் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஐ, என், எஃப் என்று மூன்று எழுத்தை அடித்துப் பொத்தானைத் தட்டியிருப்பேன், இயல்பாக இருக்கிறது என்ற வாக்கியம் வந்து விழுந்திருக்கும். கிழவர் இருமி முடிக்கட்டும் என்று மிதியை மிதித்துத் தாண்டியிருப்பேன். தாண்டாமல் கேட்டபோது அவர் சொன்னார்: “தடிச்சிருக்கு. நாலரை மில்லிமீட்டர். சுரப்பியோட பின்பக்க வெளிச்சப் புள்ளியும் காணோம்.” கடைசியில், “முடிவு, மேல சொன்னதுதான். மத்தபடி நார்மல்.” அந்த ‘மத்தபடி நார்மல்’ மட்டும் என் காதில் விழுந்திருக்கிறது. அதற்கும் ஒரு சுருக்கம் வைத்திருந்தேனே.

பாவி, பாவி என்று என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். பெரியவர் அந்த மனிதரின் தலைக்குள் சரியாகப் பார்த்திருந்தார், சரியாகச் சொல்லியுமிருந்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் முடித்துவிட்டேன்.

சின்ன டாக்டரம்மா என் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். இன்னொரு தடவை போட்டுக் காட்டினேன். கையிலிருந்த ஆரஞ்சுத் தோலைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, “அந்த ஆள் இப்ப எங்க?” என்று மட்டும் கேட்டார்.

அவள் கழிப்பறைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா அவளிடமும் அதையே கேட்டதும் எழுந்தாள்.

“வீட்டுலதான் இருக்காரு.”

“தண்ணி குடிக்கிறாரா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஒரு சாவியை எதற்கோ தடவினாள். “இன்னிக்குக் குடுக்கல. அவங்க அண்ணன்தான் சொன்னாரு, இது வெறும் பழக்கம், ஒரு நாள் முழுக்கப் பூட்டிப் போட்டா புத்தி வந்துடும்னு. காலைல ஆறு மணிக்குப் பாத்திரத்தையெல்லாம் கவுத்துட்டு, குளியலறை வாளியையும் காலி பண்ணிட்டு, வீட்டுக்குத் தண்ணி வர்ற வெளிக்குழாயை அடைச்சுட்டு, பூட்டிட்டுக் கம்பெனிக்குப் போனேன். மனசு கேக்கல. அதான் அரை நாள் லீவு சொல்லிட்டு நேரா இங்க வந்துட்டேன். தலையில ஒண்ணுமில்லன்னு இன்னொருக்கா யாராவது சொல்லிட்டா, பூட்டினது தப்பில்லன்னு தைரியமா இருக்கலாம்னு.”

மணி ஒன்றே முக்கால்.

“போன் பண்ணுங்க” என்றார் டாக்டரம்மா. குரல் மாறிவிட்டது. அவள் போனை எடுத்தாள். அவர் பதினொரு தடவை கூப்பிட்டிருந்தார். எடுக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தாராம். கடைசி அழைப்பு பத்து நாற்பதுக்கு. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. இப்போது அவள் கூப்பிட்டாள், மணி அடித்து அடித்து நின்றுபோனது. மறுபடி கூப்பிட்டாள். அண்ணனைக் கூப்பிட்டால் அவர் வெளியூரில். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், சாவி இவளிடம்தான்.

“ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன்” என்று டாக்டரம்மா விலாசம் வாங்கிக்கொண்டார். “வீடு பக்கம்னா நீங்க முன்னாடி போங்க. ஆளு நெனவோட இருந்தா தண்ணி குடுங்க, கொஞ்சம் கொஞ்சமா. நெனவு இல்லன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.”

அவளுக்கு எதுவும் புரியவில்லை. “நார்மல்னுதானே...” என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். கவுன்ட்டரைத் தாண்டும்போது மேலாளர் குறுக்கே வந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது. என்னைத் தனியே நகர்த்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நீங்க எதுவும் பேசாதீங்கம்மா. பெரியவர்கிட்ட கேட்டு, திருத்தின அறிக்கைன்னு ஒண்ணு முறையா குடுத்துக்கலாம். யாரு தப்புன்னெல்லாம் இப்ப எதுக்கு? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். நல்ல மனிதர்தான். என் மகள் படிப்புக்கு வீடு தேடி வந்து உதவி செய்தவர். “சார், வழிய விடுங்க” என்றேன்.

ஆட்டோவில் நான் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். பத்து நிமிஷம்தான் வழி. மேலாளர் சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் மடியில் போனை வைத்து விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை மணி நின்றதும் என்னைப் பார்த்தாள். எனக்கு ஏதோ தெரியும் என்று நினைத்தாள் போல. இரண்டாவது சிக்னலில் வண்டி நின்றது.

“அந்தத் தாள்ல இருக்கறது தப்பும்மா” என்றேன். “டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்காரு. உங்க வீட்டுக்காரர் தலைக்குள்ள ஒரு எடம் வீங்கியிருக்கு, அதனாலதான் தாகம். பழக்கமும் இல்ல, மனசும் இல்ல. தப்பா அடிச்சது நான். முழுசா கேக்காம அடிச்சுட்டேன்.”

அவள் என்னையே பார்த்தாள். கத்துவாள், அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“நீங்களா?” என்றாள்.

“நான்தான்.”

பச்சை விழுந்து வண்டி கிளம்பியது. தன் தெரு வந்ததும் அவள் ஆட்டோக்காரருக்குக் கையைக் காட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “காலைல கதவைச் சாத்தும்போது, ஒரே ஒரு டம்ளர்னு கையை நீட்டினாரு. கதவுல கை நசுங்கிடப் போவுது, உள்ள எடுங்கன்னேன்.”

மூன்று மாடிக் கட்டடம். அவர்கள் வீடு இரண்டாவது மாடியில். ஒவ்வொரு மாடியின் படித் திருப்பத்திலும் அந்தந்த வீட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாய், சிவப்புச் சக்கரம் வைத்த அடைப்பான்களோடு சுவரில் ஏறியிருந்தது. அவள் இரண்டிரண்டு படியாகத் தாவினாள். எனக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் எங்கும் கேட்கவில்லை. கதவில் கனமான ஒரு பூட்டு. அவள் தலைப்பில் முடிந்திருந்த சாவியை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அழுகை அப்போதுதான் வந்தது அவளுக்கு. “என்னங்க, என்னங்க” என்று கதவில் முட்டியால் தட்டினாள். உள்ளேயிருந்து பதில் இல்லை.

“அந்தச் சக்கரத்தைத் தொறந்துவிடுங்க அக்கா” என்றாள், முடிச்சைக் கடித்தபடியே.

திருப்பத்துக்கு இறங்கி இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். முதலில் அசையவில்லை. எவ்வளவு பலமாக இதை அடைத்திருக்கிறாள்! அப்புறம் ஒரு சுற்று, இரண்டு சுற்று. குழாய் ஒரு தரம் குலுங்கியது. காற்றுதான் முதலில் சீறிக்கொண்டு சுவர் வழியாக ஏறியது. மேலே ஓடிக் கதவில் காதை வைத்தேன். உள்ளே எங்கேயோ ஒரு குழாய் முன்பே திறந்து கிடந்திருக்கிறது, எப்போதாவது வரும் என்று அவர் திறந்தபடியே விட்டிருக்கிறார். அது இருமியது, துப்பியது. பிறகு தண்ணீர் கொட்டத் தொடங்கியது, வெறும் தரையில், நேராக, தடையில்லாமல்.

பக்கத்தில் சாவி பூட்டுக்குள் போகாமல் சுற்றிச் சுற்றி உரசிக்கொண்டிருந்தது. நான் காதை எடுக்கவில்லை. ஒரு பாத்திரம் அடியில் வைத்தால் அந்தச் சத்தம் மாறும். ஒரு கை நீண்டால்கூட மாறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.